சுவர் தாண்டும் வைஃபை: வடசென்னை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கமெல்லாம் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கூடத்தில் நின்று போனில் வைஃபையைத் திறந்தால் பத்துப் பதினைந்து பெயர்கள் வரிசை கட்டும். நம் வீட்டுப் பெயரும் அதேபோல் பத்துப் பதினைந்து வீட்டுப் போன்களில் தெரிந்துகொண்டிருக்கிறது. நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்பதால் இதைப் பற்றித் தெருவில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அவர்கள் கேட்கிற விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன்.

"அன்லிமிடெட் பிளான்தானே, பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் யூஸ் பண்ணினா என்ன குறைஞ்சிடப்போகுது?"

டேட்டா குறைவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அன்லிமிடெட் என்று விற்கும் ஃபைபர் பிளான்கள் பலவற்றுக்கும் மாதம் 3,300 ஜிபி என்பதுபோல ஒரு வரம்பு உண்டு, தாண்டினால் வேகம் இறங்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டு குடும்பம் சேர்ந்து படம் பார்த்தாலும் அந்த எல்லையைத் தொடுவது கஷ்டம்.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வைஃபை வழியாக யார் என்ன செய்தாலும், வெளியுலகுக்கு அது உங்கள் இணைப்பிலிருந்து நடந்ததாகத்தான் தெரியும். கனெக்‌ஷன் உங்கள் ஆதாரில், உங்கள் முகவரியில் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்தது என்று போலீஸ் தேடிப்போனபோது, நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த ஃபிளாட்டில் போய் நின்றார்கள். மின்னஞ்சலை அனுப்பியவர் அவர் இல்லை. அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்தது, அவ்வளவுதான். ஆனாலும் விசாரணையை அவர்தான் சந்திக்க வேண்டியிருந்தது.

நம் தெருவில் அந்த அளவுக்கு எதுவும் நடக்காமல் இருக்கலாம். ஆனால் ஒரு பெண்ணின் போட்டோவை யாரோ ஒரு பையன் உங்கள் வைஃபையில் இருந்து போலிக் கணக்கில் ஏற்றினால், முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு. உங்கள் மகனின் லேப்டாப்பும் உங்கள் போனும்தான் முதலில் கேட்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. வைஃபைக்குள் வந்தவர் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே வந்துவிடுகிறார். டிவி, வாசலில் மாட்டிய கேமரா, பிரின்டர், கம்ப்யூட்டரில் ஷேர் செய்து வைத்த ஃபோல்டர், ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கம் எல்லாமே அவருடைய போனிலிருந்து தட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும். வங்கி ஆப்பில் நீங்கள் தட்டுவது அவருக்குத் தெரியாது, அது தனியாக மறையாக்கம் செய்யப்பட்டுப் போகிறது. மற்றவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு எப்போதும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

"நெட் ஸ்லோவா இருக்கு. யாரோ திருடுறாங்களா?"

வேகம் குறைந்ததை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். நெருக்கமான தெருக்களில் வேகம் குறைய முதல் காரணம், சுற்றியுள்ள ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டி மோதிக்கொள்வது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. இருபது வீடு அந்த மூன்றைப் பங்கு போட்டால் எல்லோருக்கும் மெதுவாகத்தான் வரும். உங்கள் போனில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்கு மாறிப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மேல் வீண் சந்தேகம் வருவது, வைஃபை திருட்டைவிடப் பெரிய சண்டையில் கொண்டுபோய் விடும்.

"அப்போ உண்மையிலேயே யாராவது உள்ளே இருக்காங்களான்னு எப்படிப் பார்க்கிறது?"

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் பட்டியலே இருக்கிறது. வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் முகவரி இருக்கும் இடத்தில் 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிகளில் 192.168.0.1, ஜியோ ஃபைபர் என்றால் 192.168.29.1. எது என்பது பெட்டிக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே போனதும் 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஹெச்சிபி கிளையன்ட் லிஸ்ட்' என்று ஒரு பகுதி வரும்.

அதில் ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயம் இருக்கும்: சாதனத்தின் பெயர், அதற்குக் கொடுக்கப்பட்ட 192.168 என்று தொடங்கும் எண், இரண்டிரண்டு எழுத்தாக முக்காற்புள்ளி (:) வைத்துப் பிரித்த பன்னிரண்டு எழுத்து மேக் முகவரி, அதாவது சாதனத்தின் அடையாள எண். பெயரில் போன் மாடல் தெரிந்தால் வேலை சுலபம். பல வரிகளில் பெயர் வெறுமையாகவோ, வெறுமனே 'ஆண்ட்ராய்டு' என்றோ இருக்கும். அங்கேதான் ஆட்கள் பயந்துபோகிறார்கள். "நம்ம வீட்டுல நாலு போன்தான், லிஸ்ட்ல ஏழு இருக்கு" என்பார்கள். டிவி, செட் டாப் பாக்ஸ், பையன் பழைய போனில் விளையாடுவது எல்லாம் கணக்கில் வந்திருக்காது.

மேக் முகவரியில் ஒரு சிறு குறிப்பு கிடைக்கும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ (A), இ (E) ஆகிய நான்கில் ஒன்றாக இருந்தால், அது கம்பெனி பதித்த முகவரி இல்லை, போன் தானாக உருவாக்கிக்கொண்டது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு முகவரியைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன. அதனால் உங்கள் போனில் கம்பெனி பதித்த முகவரியைப் பட்டியலில் தேடினால் கிடைக்காமல் போகலாம். பதற வேண்டாம்.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி பொறுமை. வீட்டில் உள்ள போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள். எது அணைந்ததும் எந்த வரி மறைகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். டிவியையும் பிளக்கிலிருந்து எடுங்கள். பட்டியலைப் பார்க்கிற போனைத் தவிர எல்லாம் அணைந்த பிறகும் வேறொரு வரி நிற்கிறது என்றால், அது உங்கள் வீட்டுடையது இல்லை. சில பெட்டிகள் அணைந்த சாதனத்தையும் சில மணி நேரம் பட்டியலில் வைத்திருக்கும். 'ஆக்டிவ்' என்று காட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாஸ்வேர்டு மாத்திட்டேன். இன்னும் என்ன இருக்கு?"

எந்த பாஸ்வேர்டு? ரவுட்டருக்கு இரண்டு உண்டு. வைஃபை பாஸ்வேர்டு வாசல் கதவுச் சாவி. அட்மின் பாஸ்வேர்டு, அந்தப் பூட்டையே கழற்றி வேறு மாட்டுகிற அதிகாரம். முதலாவதை எல்லோரும் மாற்றுகிறார்கள். இரண்டாவது, பெட்டி வந்த நாளில் இருந்தபடியே பல வீடுகளில் கிடக்கிறது: பயனர் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வேலையைத்தான் இன்று செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். விருந்தாளியாக வந்து வைஃபை வாங்கிய ஒரு கல்லூரிப் பையன் 192.168.1.1 அடித்து 'அட்மின்' தட்டி உள்ளே போனால், நீங்கள் வைத்த வைஃபை பாஸ்வேர்டு அங்கே அப்படியே தெரியும். நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அவன் மறுபடி பார்த்துக்கொள்வான். அதைவிட மோசமானது, டிஎன்எஸ் என்ற அமைப்பில் கை வைப்பது. நீங்கள் அடிக்கும் இணையப் பெயர் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது அது. அதை ஒருவர் தன் விருப்பப்படி மாற்றிவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாக அடித்தும் நீங்கள் போய்ச் சேருவது போலிப் பக்கமாக இருக்கலாம். அப்படி நேரும்போது பிரவுசர் பெரும்பாலும் 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு ஒருபோதும் மேலே போகாதீர்கள்.

ரவுட்டர் கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். 2016-ல் மிராய் என்ற தீநிரல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. கம்பெனி வைக்கும் சுமார் 60 பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கேமரா, அதன் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர், ரவுட்டர் என்று லட்சக்கணக்கான பெட்டிகளுக்குள் புகுந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றை ஏவிவிட்டு நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின.

சில கம்பெனிகளின் பெட்டியில் அட்மின் பாஸ்வேர்டை மாற்ற விடமாட்டார்கள், அல்லது ஸ்டிக்கரில் இருப்பதுதான் என்பார்கள். அப்படியானால் அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டியை வருகிறவர் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

"கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி என் போன் நம்பரையே பாஸ்வேர்டா வெச்சுட்டுப் போனார். பத்து இலக்கம் போதாதா?"

போதாது. ஏன் என்று கணக்காகவே காட்டுகிறேன்.

உங்கள் போன் ரவுட்டரோடு இணையும்போது இரண்டும் நான்கு முறை செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு நேரடியாக அதில் போகாது. ஆனால் அந்த நான்கு செய்திகளைத் தெருவில் நின்று பிடித்தவர், வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதித்துப் பார்க்கும். நொடிக்குப் பத்து லட்சம் என்றே வைத்துக்கொண்டாலும் 4,000 நொடி. ஒரு மணி நேரம் சொச்சம். இது உங்கள் எண் தெரியாதவருக்கு. தெரு முழுக்க உங்கள் எண் தெரியும் என்றால் அதுவும் தேவையில்லை.

பிறந்த தேதி, வண்டி நம்பர், பிள்ளை பெயரோடு 123 எல்லாமும் இதே கதிதான்.

"அப்போ எப்படி பாஸ்வேர்டு வைக்கணும்? ஞாபகமும் இருக்கணுமே?"

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை எடுத்து, ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். முருங்கை, தாழ்ப்பாள், பம்பரம், ஒட்டகம், சாம்பிராணி என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) பொதுவாகத் தெரிந்த 5,000 சொற்களிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கைப் பொறுக்கினால், மேலே சொன்ன அதே கார்டு எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஏறக்குறைய 20 வருடம் ஆகும். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அது ஒரு லட்சம் வருடத்தை நெருங்கும். ஒரே ஒரு சொல் செய்யும் வேலை அது. குறியீடுகளைப் போட்டு வீட்டில் யாருக்கும் தட்ட வராத எட்டெழுத்து வைப்பதைவிட, பாட்டிக்கும் சொல்லித் தட்டவைக்கக்கூடிய நீளமான பாஸ்வேர்டு மேல். வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்துவரை போகலாம், இடத்துக்குப் பஞ்சமில்லை.

குறள் வரி, சினிமாப் பாட்டு வரி வேண்டாம். எல்லோருக்கும் தெரிந்த வரிசை என்பதால் அது சோதிப்பவர் பட்டியலிலும் இருக்கும்.

"செக்யூரிட்டின்னு போட்டு நாலஞ்சு பேர் காட்டுது. எதைத் தேர்ந்தெடுக்கிறது?"

டபிள்யூபிஏ3 இருந்தால் அது. மேலே சொன்ன, செய்தியைப் பிடித்துக்கொண்டுபோய் வீட்டில் சோதிக்கும் வேலை அதில் நடக்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். 2018-ல் அறிமுகமானது என்பதால் அதற்கு முந்தைய டிவி, பழைய போன் சில இணையாமல் அடம்பிடிக்கும். அப்போது 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்று சேர்த்துக் காட்டும் வரியை எடுங்கள். அதுவும் இல்லையென்றால் டபிள்யூபிஏ2, அதில் ஏஇஎஸ். டிகேஐபி என்று இருப்பதைத் தொடாதீர்கள்.

டபிள்யூஇபி என்று ஒன்று இன்னும் சில பழைய பெட்டிகளில் தெரியும். 1997-ல் வந்தது, 2001-லேயே உடைக்கப்பட்டது. அது இருப்பதும் பூட்டே இல்லாததும் ஒன்று.

"ரவுட்டர்ல டபிள்யூபிஎஸ்னு ஒரு பட்டன் இருக்கே, அது எதுக்கு?"

பாஸ்வேர்டு தட்டாமலே சாதனங்களை இணைக்க. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

காரணம் பட்டன் இல்லை, அதோடு சேர்ந்து வரும் எட்டு இலக்கப் பின் எண். எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் அதில் கடைசி இலக்கம் முதல் ஏழை வைத்துக் கணக்கிடப்படுவது. போதாததற்கு, ரவுட்டர் அந்த எண்ணை முதல் பாதி, இரண்டாம் பாதி என்று தனித்தனியாகச் சரிபார்த்து 'முதல் பாதி சரி' என்று சொல்லியும் விடுகிறது. முதல் பாதிக்கு 10,000 வாய்ப்பு, இரண்டாம் பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். இது 2011 டிசம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. 2014-ல் சில சிப்களில் இன்னும் சுலபமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உங்கள் ஐந்து சொல் பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்தப் பக்கவாசல் அதைக் கண்டுகொள்ளாது.

"வைஃபை பேரை மறைச்சு வெச்சா யாருக்கும் தெரியாதில்ல?"

தெரியும். பெயரை மறைத்தால் உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போகும். பெயரை மறைக்காமல், உங்கள் பெயரோ கதவு எண்ணோ தெரியாதபடி வையுங்கள். எந்த வீட்டுடையது என்று பார்த்ததும் தெரியாமலிருந்தால் போதும்.

"மேக் ஃபில்டர் போட்டா?"

பட்டியலில் உள்ள மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு அது. மெனக்கெட வேண்டாம். மேக் முகவரியைப் பார்த்து நகலெடுப்பது சில நிமிட வேலை. போன்கள் தாங்களே முகவரியை மாற்றிக்கொள்ளும் இந்தக் காலத்தில், பூட்டிக்கொண்டு வெளியே நிற்கப்போவது உங்கள் வீட்டு ஆள்தான்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து 'அக்கா, ஹால் டிக்கெட் எடுக்கணும், பாஸ்வேர்டு சொல்லுங்கக்கா'ன்னு நிக்குது. எப்படி இல்லைன்னு சொல்றது?"

சொல்லாதீர்கள். கொடுங்கள்.

ரிசர்வ் பேங்க் எச்சரிக்கை மாதிரி 'யாருக்கும் பாஸ்வேர்டு தராதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. இந்தத் தெருக்களில் ஒரு வீட்டு மோட்டாரில் நாலு வீடு தண்ணீர் பிடித்திருக்கிறது. ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் மூன்று வீட்டு இட்லி மாவு இருக்கும். ஃபைபர் போடக் கையில் காசில்லாத வீட்டில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைக்கு நெட் கொடுப்பது நல்ல காரியம். கெடுதல் கொடுப்பதில் இல்லை, மெயின் பாஸ்வேர்டைக் கொடுப்பதில் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகப் பக்கத்து வீட்டுக்குச் சொன்ன பாஸ்வேர்டு இன்றும் மாறாமல் இருக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் பள்ளி முடித்தே போய்விட்டார்கள், பாஸ்வேர்டு கை மாறிக்கொண்டே இருக்கிறது.

அதற்குத்தான் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது. ரவுட்டரில் அதை இயக்கினால் இரண்டாவதாக ஒரு வைஃபை பெயர் உருவாகும். அதற்குத் தனி பாஸ்வேர்டு. அதில் வருகிறவருக்கு நெட் கிடைக்கும்; உங்கள் டிவி, கேமரா, கம்ப்யூட்டர், செட்டிங்ஸ் பக்கம் எதுவும் எட்டாது. பல பெட்டிகளில் வேகத்துக்கு உச்சவரம்பும் வைக்கலாம். நெட் கம்பெனி தரும் பெட்டியில் 'கெஸ்ட்' என்ற பெயர் இல்லாமல் 'எஸ்எஸ்ஐடி 2' என்று இருக்கலாம். அதை இயக்கிவிட்டு 'ஐசோலேஷன்' என்று இருப்பதையும் இயக்குங்கள். பிறகு அந்த கெஸ்ட் வைஃபையில் உங்கள் போனை இணைத்து 192.168.1.1 அடித்துப் பாருங்கள். செட்டிங்ஸ் பக்கம் திறந்தால் பிரிவு சரியாக விழவில்லை என்று அர்த்தம்.

கெஸ்ட் பாஸ்வேர்டை மாதப் பிறப்பில் மாற்றுகிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். "பாஸ்வேர்டு மாறிடுச்சும்மா, வேணும்னா வந்து கேளு" என்று சொல்வது யாரையும் புண்படுத்தாது. உண்மையில் தேவைப்படுகிறவர் வந்து கேட்பார். கைமாறிப் போனவர்கள் தானாகக் கழன்றுகொள்வார்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். கெஸ்ட் வழியாகப் போனாலும் வெளியே தெரிவது உங்கள் இணைப்புதான். அதனால் முகம் தெரிந்தவருக்கு மட்டும் கொடுங்கள்.

"பாஸ்வேர்டு சொல்லாம கியூஆர் கோடு காட்டினா பாதுகாப்புதானே?"

இல்லை. அந்தக் கட்டத்துக்குள் இருப்பது அதே பாஸ்வேர்டுதான். ஸ்கேன் செய்து உள்ளே வந்தவர், தன் போனிலிருந்து அதே கியூஆரை அடுத்தவருக்குக் காட்டலாம்; பல ஆண்ட்ராய்டு போன்களில் கியூஆருக்குக் கீழே பாஸ்வேர்டு எழுத்தாகவே தெரியும். கெஸ்ட் வைஃபைக்குக் கியூஆர் அச்சடித்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மெயினுக்கு வேண்டாம்.

"வாசல்ல கேமரா மாட்டியிருக்கோம். அதுக்கு ஏதாவது செய்யணுமா?"

முதலில் அதன் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மிராய் புகுந்த பெட்டிகளில் கேமராக்களும் டிவிஆர்களும்தான் நிறைய. அதையும் ஸ்மார்ட் டிவியையும் 'ஐசோலேஷன்' இயக்கிய கெஸ்ட் வைஃபையில் போட்டால், அவற்றில் ஓட்டை இருந்தாலும் உங்கள் லேப்டாப் வரை வராது. போனிலிருந்து கேமராவைப் பார்ப்பது பெரும்பாலும் அதன் கம்பெனி சர்வர் வழியாகத்தான் என்பதால் அது தடைபடாது.

ரவுட்டரில் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்று இருப்பதை அணையுங்கள். வெளியூரிலிருந்து உங்கள் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க விடும் வழி அது. வீட்டுக்குத் தேவையில்லை. சாதனங்கள் தாங்களே ரவுட்டரில் வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள விடும் 'யூபிஎன்பி'யையும் அணைத்துப் பாருங்கள். பையனின் கேம் ஏதாவது நின்றால் அவனே வந்து சொல்வான், அப்போது யோசிக்கலாம்.

"ரவுட்டருக்கும் அப்டேட் உண்டா?"

உண்டு. நெட் கம்பெனி தந்த பெட்டி என்றால் பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து போடுவார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நீங்களே வாங்கி மாட்டியது என்றால் உங்கள் பொறுப்பு. செட்டிங்ஸில் 'ஃபர்ம்வேர் அப்கிரேடு' என்ற இடத்தில் பாருங்கள். 2017-ல் டபிள்யூபிஏ2-விலேயே ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டபோது, அப்டேட் போட்ட பெட்டிகள் தப்பின. கம்பெனி அப்டேட் தருவதையே நிறுத்திவிட்ட பழைய பெட்டி என்றால், புதிது வாங்கும் செலவை ஒத்திப்போடாதீர்கள்.

"கரண்ட் போய் வந்ததும் நெட் வரலை. கேபிள்காரர் வந்து சரிபண்ணிட்டுப் போனார். இப்போ என்னென்னமோ மாறியிருக்கு."

ரீசெட் செய்திருப்பார். பெட்டிக்குப் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் எல்லாமே கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடும். நீங்கள் வைத்த ஐந்து சொல் பாஸ்வேர்டு, மாற்றிய அட்மின் பாஸ்வேர்டு, அணைத்த டபிள்யூபிஎஸ், கெஸ்ட் வைஃபை எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். வேலைக்கு வருகிறவருக்கு நெட் வந்தால் போதும், அடுத்த வீட்டில் புகார் காத்திருக்கிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சாதாரணமாக அணைத்துப் போடுவதால் எதுவும் அழியாது. அதனால் அவர் வரும்போது "அண்ணே, ரீசெட் பண்ணாம ரீஸ்டார்ட் மட்டும் பண்ணிப் பாருங்க. ரீசெட் பண்ணியே ஆகணும்னா சொல்லிட்டுப் பண்ணுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படியும் செய்தாக வேண்டிவந்தால், அவர் கிளம்பிய கையோடு, அட்மின் பாஸ்வேர்டு முதலாக எல்லாவற்றையும் திரும்ப மாற்றுங்கள். எதை எதை மாற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி கேஸ் புக்கோடு வைத்திருந்தால் அரை மணி நேர வேலை.

"எம்.சி. ரோட்டில் சின்னத் துணிக்கடை. வர்ற கஸ்டமர் வைஃபை கேட்கிறாங்க."

பில்லிங் கம்ப்யூட்டர் இருக்கும் வைஃபையை எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். கஸ்டமருக்குக் கெஸ்ட் கொடுக்கலாம், ஆனால் வருகிறவர் யாரென்றே தெரியாத இடத்தில் அந்த ஐபி முகவரிப் பிரச்சினை வீட்டைவிடப் பெரிது. தினமும் நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றால், மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் ஒப்புதல் தந்த பிஎம்-வானி திட்டத்தைப் பாருங்கள். சிறு கடைக்காரர்கள் உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை தர அதில் வழி இருக்கிறது. பயனாளரைச் சரிபார்க்கும் வேலையும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே நடக்கும்.

"ஒருத்தர் நுழைஞ்சது நிச்சயமாத் தெரிஞ்சுபோச்சு. போலீசுக்குப் போகணுமா?"

முதலில் அந்தப் பட்டியலைத் தேதி நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அட்மின் பாஸ்வேர்டு, அதன் பின் வைஃபை பாஸ்வேர்டு. இந்த வரிசை முக்கியம். தலைகீழாகச் செய்தால் இடையில் புது பாஸ்வேர்டை அவர் பார்த்துவிடலாம். டிஎன்எஸ் இடத்தில் தெரியாத எண் எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அனுமதியில்லாமல் ஒருவரின் நெட்வொர்க்கில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-ஆம் பிரிவில் வருகிறது. ஏமாற்றும் நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கார்ட்டூன் பார்க்க நுழைந்த எட்டாம் வகுப்புப் பையன் மேல் இதைக் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவன் அம்மாவிடம் சொன்னால் தீரும். பணம் போயிருந்தால், மிரட்டல் வந்திருந்தால், படம் எடுத்து யாரையாவது அசிங்கப்படுத்தியிருந்தால் தயங்கவே கூடாது. பணம் போனால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். போன பணத்தை வழியில் நிறுத்த முதல் சில மணி நேரம்தான் வாய்ப்பு அதிகம். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். பிற்பாடு உங்கள் இணைப்பைப் பற்றி யாராவது கேட்டுவந்தால் அந்தக் காகிதம்தான் உங்களுக்காகப் பேசும்.

"வீடு காலி பண்றோம். ரவுட்டரை என்ன செய்யறது?"

கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்தாலும், அடுத்துக் குடிவருகிறவருக்கு விட்டுப்போனாலும், முன்பு சொன்ன அந்தக் குண்டூசித் துளையை இந்த முறை நீங்களே அழுத்துங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்வரை பிடித்திருங்கள். கனெக்‌ஷனை மாற்றாமல் விட்டுப்போனால் உங்கள் ஆதாரில் இன்னொருவர் நெட் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் முகவரி மாற்றமோ ரத்தோ, கம்பெனியிடம் கேட்டு எஸ்எம்எஸ் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.